ஐந்தோவன், மியூனிக், டப்ளின்: மூன்று ஊர்களிலிருந்தும் வேலைக் கடிதம் வந்திருக்கிறது. எந்த நாட்டு வேலை அனுமதி நல்லது?

கேள்வியில் நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 34. பி.இ. முடித்து மென்பொருள் துறையில் 11 ஆண்டுகள். நெதர்லாந்தின் ஐந்தோவனில் மாதம் 6,100 யூரோ, ஜெர்மனியின் மியூனிக்கில் ஆண்டுக்கு 72,000, அயர்லாந்தின் டப்ளினில் 75,000. மனைவி பல் மருத்துவர். மூன்று வயது மகள் இருக்கிறாள். கூடவே வரி, வாடகை, பள்ளிக் கட்டணம் என்று பெரிய கணக்கே போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. வேலை போன மறுநாள் காலையில், கையில் இருக்கும் வேலை அனுமதி அட்டைக்கு என்ன மதிப்பு? நான் அதைக் கேட்காமல் கிளம்பியவன்.

2021இல் நெதர்லாந்துக்குப் போனபோது எனக்கு 28 வயது. அங்கே கொடுக்கும் அனுமதிக்கு 'கென்னிஸ்மிக்ரான்ட்' என்று பெயர். 'கென்னிஸ்' என்றால் அறிவு. ஆனால் அறிவையும் பட்டத்தையும் அங்கே யாரும் பெரிதாகச் சோதிப்பதில்லை. சம்பளத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். நிறுவனம், குடியேற்றத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். சம்பளம் வரம்பைத் தாண்ட வேண்டும். இரண்டும் இருந்தால் வேலை வெகு சுலபம். என் விண்ணப்பம் இரண்டு வாரத்தில் முடிந்தது. ஐரோப்பாவில் இவ்வளவு வேகமான நடைமுறையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சிக்கல் அந்த வரம்பில்தான் இருந்தது. 30 வயதுக்குக் கீழே ஒரு வரம்பு, 30 ஆனவர்களுக்கு வேறொரு வரம்பு. 2023இல் முதலாவது மாதம் 3,672 யூரோ, இரண்டாவது 5,008. அந்த ஆண்டு ஜூனில் எனக்கு 30 முடிந்தது. அந்த ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரன்தான் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிப் போக வேண்டும். வாங்கிப் போனேன், எல்லோரும் கைகுலுக்கினார்கள். அன்றோடு நான் தாண்ட வேண்டிய உயரம் 1,336 யூரோ ஏறிவிட்டது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே நிறுவனத்தில் இருக்கும்வரை பழைய வரம்பே செல்லும் என்பதால் அது கண்ணில் படவே இல்லை.

செப்டம்பரில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, நானும் போனேன். இப்படி வேலை இழந்தவருக்கு அங்கே தேடுவதற்கு மூன்று மாதம். மூன்றாவது வாரத்திலேயே அதே ஊரில் வேறொரு நிறுவனம் 4,700 யூரோ தருவதாகச் சொன்னது. முன்பு வாங்கியதைவிட 400 யூரோ அதிகம். ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். குரலில் உண்மையான வருத்தம். "உங்கள் பிறந்த தேதியை இப்போதுதான் பார்த்தேன்" என்றார். 5,008 கொடுக்க அவர்களிடம் இடமில்லை.

வேலையிழப்பு உதவித்தொகை முதல் இரண்டு மாதம் 75 சதவீதம், அதன்பின் 70 சதவீதம் என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பணம் வந்தது; நாட்கள்தான் தீர்ந்தன. கடைசியில் கோவில்பட்டிக்குத் திரும்பி, சென்னையில் விசாவுக்கு விண்ணப்பித்து, 2024 பிப்ரவரியில் ஜெர்மனிக்கு வந்தேன். சம்பளம் ஏறக்குறைய அதேதான், ஆண்டுக்கு 57,000. புளூ கார்டு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள் திறமையான வெளிநாட்டு ஊழியருக்குக் கொடுக்கும் பொதுவான வேலை அனுமதி. அந்த ஆண்டு ஜெர்மனியில் ஐ.டி. வேலைக்கு அதன் வரம்பு 41,041 யூரோ 80 சென்ட். அங்கே எட்டாத சம்பளம் இங்கே தாராளமாகத் தாண்டியது. ஜெர்மனியிலும் வயது விதி ஒன்று உண்டு என்றாலும், அது புளூ கார்டுக்குரியது அல்ல, வேறு வகை அனுமதிக்கு. அதுவும் 45 வயதுக்கு மேல்தான்.

இப்போது உங்கள் கடிதங்களுக்கு வருவோம்.

நெதர்லாந்துக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்த 6,100 யூரோவில் 8 சதவீத விடுமுறைப் படி சேர்ந்திருக்கிறதா, இல்லையா? பெரும்பாலும் மே மாதத்தில் மொத்தமாகத் தரும் படி அது. சில நிறுவனங்கள் அதையும் சேர்த்தே மாதச் சம்பளமாக எழுதிவிடும். குடியேற்றத் துறை அந்தப் படியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கும். 6,100ஐ 1.08ஆல் வகுத்தால் 5,648. 30 வயதானவர்களுக்கு 2025ஆம் ஆண்டு வரம்பு 5,688. அந்த வரம்புக்கே நாற்பது யூரோ குறைவு, மொத்தமும் கவிழ்ந்துவிடும். போதாக்குறைக்கு வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறும்; விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி சேராத தொகைதான் என்றால் இன்னொன்றும் கேட்கலாம். நெதர்லாந்தும் புளூ கார்டு கொடுக்கிறது. 30 வயதைத் தாண்டியவருக்கு இரண்டுக்கும் ஒரே சம்பள வரம்பு. நிறுவனங்கள் பழக்கத்தால் கென்னிஸ்மிக்ரான்ட் விண்ணப்பத்தையே போடும், ஏனென்றால் புளூ கார்டுக்குப் பட்ட மதிப்பீடு என்று ஒரு தாள் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு தாளுக்குச் சோம்பல்படாதீர்கள். கென்னிஸ்மிக்ரான்ட் என்பது அந்த ஒரு நாட்டோடு முடிந்துபோகும் அனுமதி. புளூ கார்டோடு 12 மாதம் இருந்துவிட்டால், வேலை கிடைத்த வேறொரு புளூ கார்டு நாட்டுக்கு விசா இல்லாமலே போய், ஒரு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கிலும் இரண்டு நாட்டு வாசமும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் அப்போது அந்தச் சம்பளம் இல்லை. இருந்திருந்தால் கோவில்பட்டி வழியாக ஜெர்மனிக்கு வந்திருக்க மாட்டேன்.

நெதர்லாந்தின் உண்மையான கவர்ச்சி 30 சதவீதச் சலுகை. வெளிநாட்டிலிருந்து எடுத்த ஊழியருக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியின்றித் தரலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. 2027 முதல் அது 27 சதவீதமாகக் குறைகிறது. இது எந்த அனுமதியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை, புளூ கார்டுக்காரருக்கும் உண்டு. முதலில் ஜெர்மனி, பிறகு நெதர்லாந்து என்று யோசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலைக்குச் சேருமுன் 24 மாதங்களில் 16 மாதத்துக்கு மேல் நெதர்லாந்து எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும். கொலோன், டுசல்டோர்ஃப் பக்கம் குடியிருந்தால் சலுகை போய்விடும். மியூனிக் என்றால் பயமில்லை.

ஜெர்மனியில் உங்கள் சம்பளம் ஒரு பிரச்சினையே இல்லை. 2025 வரம்பு 48,300; ஐ.டி. போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759 யூரோ 80 சென்ட். அங்கே தடை வேறு வடிவத்தில் வரும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட அனாபின் என்று ஒரு அரசுத் தரவுதளம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அதில் 'எச் பிளஸ்', அதாவது அங்கீகாரம் உண்டு என்ற குறி, இருக்க வேண்டும். பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு இணையானது என்று இருக்க வேண்டும். இரண்டையும் இன்றே தேடிப் பார்த்து அச்செடுத்து வையுங்கள். பட்டம் அதில் இல்லையென்றால் 208 யூரோ கட்டித் தனி மதிப்பீடு வாங்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும். நான்காண்டு பி.இ. பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்த நண்பர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். பட்டமே இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு ஐ.டி. அனுபவம் இருப்பவருக்கு 2023 நவம்பரிலிருந்து புளூ கார்டு வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

வேலை போனால்? புளூ கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு மூன்று மாத அவகாசம், ஆனவருக்கு ஆறு மாதம். இதோடு நின்றிருந்தால் ஜெர்மனியை நான் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலைத் தேர்வில் தேறிவிட்டால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை. தொடக்க நிலையான ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம். அந்த மாதங்களுக்கு ஓய்வூதியத் தொகை கட்டியிருக்க வேண்டும். அதை வாங்கிவிட்டால் நிறுவனம் போனாலும் அனுமதி போகாது. நெதர்லாந்தில் இதற்கு ஐந்து ஆண்டு. எனக்கு 2025 நவம்பரில் 21 மாதம் முடிந்தது, பி1 தேர்விலும் தேறிவிட்டேன். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி மட்டும் இரண்டும் இல்லை என்று மனப்பாடம் செய்த இரவுகளில், எல்லாவற்றையும் அஃறிணையில் போட்டுவிட்டுப் போன நம் இலக்கணக்காரர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மனியின் குறையையும் மறைக்கக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகத்தின் தாமதம். நான் இருந்த நகரத்தின் பெயர் வேண்டாம். அட்டை கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதுவரை தற்காலிகச் சான்றாக, மடிப்பு மடிப்பாகப் பிரிக்கும் ஒரு பச்சைத் தாளைக் கொடுப்பார்கள். நடுவில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஊருக்கு வந்து திரும்பும்போது, சென்னை விமான நிலையத்தில் அந்தத் தாளைக் கவுண்டரில் இருந்தவர் முன்னும் பின்னும் புரட்டினார். மேலதிகாரியை அழைத்தார். அவரும் புரட்டினார். 'முந்தைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும்' என்ற கட்டத்தில் குறி இருந்ததால் பிழைத்தேன். வேறு கட்டத்தில் குறி இருந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. உங்களுக்கு அந்தத் தாள் வந்தால், அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே எந்தக் கட்டம் என்று பாருங்கள். இன்னொன்று, முதல் 12 மாதத்துக்குள் நிறுவனம் மாறினால் அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மாற்றத்தை நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அயர்லாந்து புளூ கார்டு ஏற்பாட்டிலேயே இல்லை, டென்மார்க்கைப் போல. அங்கே உங்களுக்குக் கிடைப்பது 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' அனுமதி, அதாவது ஆள் தட்டுப்பாடுள்ள திறன்களுக்கான வேலை அனுமதி. 2024, 2025ஆம் ஆண்டுகளில், பட்டியலில் உள்ள வேலைகளுக்கு வரம்பு 38,000 யூரோவாக இருந்தது; மென்பொருள் பட்டியலில் இருக்கிறது. கட்டணம் 1,000 யூரோ. குறைந்தது இரண்டு ஆண்டு வேலைக்கான கடிதம் வேண்டும். அந்த இரண்டு ஆண்டு முடிந்ததும் 'ஸ்டாம்ப் 4'. அது நிரந்தர உரிமை இல்லை, ஆனால் அதன்பிறகு எந்த நிறுவனத்திலும் தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம். மொழித் தேர்வும் கிடையாது. ஆட்குறைப்பில் வேலை போனால் நான்கு வாரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும், தேடுவதற்கு ஆறு மாதம். முதல் நாளிலிருந்தே ஆறு மாதம் என்பதில் மூன்று நாடுகளில் அதுதான் தாராளம். டப்ளினில் வீடு கிடைப்பதுதான் தவம். ஒரு படுக்கையறை வீடு 2,000 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் எங்கோ கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதியிலும் அயர்லாந்து இல்லை. ஒரு வார இறுதிக்குப் பாரிஸ் போய்வர இந்தியப் பாஸ்போர்ட்காரர் விசா எடுக்க வேண்டும்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். மூன்று நாட்டிலும் துணைவருக்கு வேலை செய்யத் தடையில்லை. ஆனால் பல் மருத்துவராக வேலை செய்வதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிப் பதிவு வேண்டும். ஜெர்மனியில் மருத்துவ ஜெர்மன் தேர்வு சி1 என்னும் உயர்நிலைத் தரத்தில் இருக்கும்; இந்தியப் பட்டத்துக்குப் பெரும்பாலும் பாட அறிவுத் தேர்வும் சேரும். குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு. நெதர்லாந்தில் டச்சு மொழி. அயர்லாந்தில் தேர்வு உண்டு, ஆனால் ஆங்கிலத்தில் எழுதலாம். உங்கள் பெற்றோர் பக்கத்தைப் பார்த்தால் தராசு ஜெர்மனிக்குத் திரும்புகிறது: 2024 மார்ச் 1 முதல், முதல்முறையாகப் புளூ கார்டு வாங்குபவர் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் அழைத்து வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு பிடிப்பதுதான் மலை.

டென்மார்க், சுவீடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள், கடிதம் இல்லாததால் சுருக்கமாக. டென்மார்க்கில் நெதர்லாந்து போலவே சம்பளம்தான் அளவுகோல், 2025இல் ஆண்டுக்கு 514,000 குரோனர். நிரந்தர உரிமைக்குச் சாதாரணமாக எட்டு ஆண்டு. சுவீடனில் நிறுவனம் காப்பீட்டில் செய்த சிறு பிழைக்காக ஊழியரின் நீட்டிப்பை மறுத்த காலம் ஒன்று இருந்தது. திறமையாளர் வெளியேற்றம் என்று பொருள்படும் சொல்லே அங்கே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மியூனிக். மனைவி தொழிலை விட மாட்டேன் என்றால் டப்ளின், மறுபேச்சில்லை. ஐந்தோவன் நிறுவனம் புளூ கார்டு போடச் சம்மதித்து, 6,100 விடுமுறைப் படி நீங்கலான தொகை என்று எழுதியும் கொடுத்தால் மட்டும் அதை மியூனிக்குக்குச் சமமாக வைப்பேன். இந்த இரண்டு கேள்வியையும் ஒரே மின்னஞ்சலில் நாளைக்கே அனுப்புங்கள். அனாபினில் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாமல் போகலாம், பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் கீழே எழுதுங்கள், தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.