அம்மாவின் இரண்டு அழைப்புகள்

கேள்வி: பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ, அதையே பிறருக்கும் செய்ய வேண்டும் என்ற பொன்விதியின்படி வாழ்பவன் நான். துயரத்தில் என்னைத் தனியே விட்டுவிட வேண்டும் என்றே விரும்புவேன். அப்பா மறைந்த பிறகு அம்மாவையும் அவ்வாறே விட்டுவிட்டேன். இடையில் இரண்டு முறை அவரே அழைத்து, "வேலையாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்போது என்மீது வருத்தமாக இருக்கிறாராம், தங்கை சொல்கிறாள். விதி தவறா, நான் தவறா?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்ற அந்த இரண்டு அழைப்புகளை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. கணவரை இழந்த தாய், மகனை அழைத்து "வேலையாக இருக்கிறாயா?" என்று கேட்டால், உங்கள் அலுவலைப் பற்றியா விசாரிக்கிறார்? "வா" என்று சொல்லத் தயங்கியவர் அப்படிக் கேட்டிருக்கிறார். அது புரியாத அளவுக்கு அவர் உங்களுக்கு அந்நியரா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதும் கடிதத்தில் இல்லை.

விதியை நீங்கள் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. கூட்டத்தில் ஆறுதல் காணும் ஒருவர், நீங்கள் துயரத்தில் இருக்கும்போது உறவினர் அனைவரையும் திரட்டிக்கொண்டு வந்து, "எனக்கு இதுதான் பிடிக்கும், அதனால் உங்களுக்கும் செய்தேன்" என்றால் ஏற்பீர்களா? உங்கள் மனத்தை அறிந்து நடந்திருக்கலாமே என்றுதான் நினைப்பீர்கள். அம்மாவுக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியதும் அதுவே.

தாம் பிறருக்கு உதவாமல் இருக்கலாம் என்றால், பிறர் தமக்கு உதவ வேண்டியதில்லை என்பதற்குப் பலர் மகிழ்ச்சியோடு உடன்படுவார்கள் என்று 1785-இல் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் இந்த விதியின் குறையைச் சுட்டினார். உங்கள் கடிதம் எனக்கு அதைத்தான் நினைவூட்டியது. தனக்குத் துன்பம் என்று உணர்ந்தவற்றைப் பிறருக்குச் செய்யாதிருக்கச் சொல்லும் 316-ஆம் குறளைக்கூட நீங்கள் துணைக்கு அழைக்கலாம். தீங்கு எதுவும் செய்யவில்லையே என்று வாதிடலாம். தீங்கு செய்யாதிருப்பதோடு கடமை முடிந்தது என்ற கணக்கு, அயலாரிடம் வேண்டுமானால் செல்லும். பெற்ற தாயிடம் செல்லாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தங்கையைத் தூது அனுப்பாதீர்கள், தொலைபேசியில் விளக்கமும் சொல்லாதீர்கள். இந்த வாரமே நேரில் போய்ச் சில நாட்கள் உடன் தங்குங்கள். அப்பாவைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டாலும் அருகில் இருங்கள். அவருக்கும் தனிமைதான் வேண்டுமென்றால், அதை அவரே உங்களிடம் சொல்லட்டும்.