சாக்ஸ்17 ஏன் தெரியவில்லை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸீனோபஸ் லீவிஸ் தவளையின் கருக்களில், 10.5ஆம் வளர்ச்சிக் கட்டத்தில், முழுக்கரு இன் சிட்டு (ஒரு மரபணுவின் ஆர்என்ஏ கருவில் எங்கே இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் முறை) செய்து வருகிறேன். பிராக்கியூரி மரபணுவின் புரோபுக்கு (அதன் ஆர்என்ஏவோடு ஒட்டும் துண்டு) வளையம் வருகிறது, ஆனால் மேல் அரைக்கோளத்திலும் ஊதா படர்ந்துவிடுகிறது. சாக்ஸ்17 புரோபுக்கு நிறமே இல்லை. உடன்பிறந்த கருக்களில் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தால் அதன் பட்டை பளிச்சென்று தெரிகிறது. எதை நம்புவது? புரோபை மாற்றிவிடட்டுமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

புரோபை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் கருவை இரண்டாக வெட்டிப் பாருங்கள்.

உங்கள் இரண்டு முடிவுகளுக்கும் முரண்பாடு இல்லை. பிசிஆருக்குக் கரு முழுவதையும் அரைத்துவிடுகிறீர்கள். ஆர்என்ஏ இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், எந்தச் செல்லில் என்று சொல்லாது. சாக்ஸ்17 எண்டோடெர்ம் (குடல் முதலியவை உருவாகும் உள்ளடுக்கு) மரபணு. இந்தக் கட்டத்தில் அது வெளிப்படுவது கருவின் அடிப்புறமான தாவர முனைப் பக்கத்துப் பெரிய செல்களில், அவை முழுக்க மஞ்சள்கரு அடைத்த செல்கள். புரோபும், அதைப் பிடித்து நிறம் வரவைக்கும் ஆன்டிபாடியும் அவற்றுக்குள் சரியாக ஊடுருவாது, ஊடுருவி நிறம் வந்தாலும் வெளியே தெரியாது. பென்சைல் பென்சோயேட், பென்சைல் ஆல்கஹால் 2:1 கலவையில் கருவைத் தெளிய வைத்தால் இரண்டாவது சிக்கல் தீரும், முதலாவது அப்படியே இருக்கும்.

மெம்ஃபாவில் (ஃபார்மால்டிஹைடு கொண்ட பதப்படுத்தும் கரைசல்) 1 மணி நேரம் பதப்படுத்திய கருவை, அடியில் அகரோஸ் ஊற்றிய தட்டில், பஃபருக்குள் வைத்து வெட்டுங்கள். பிளாஸ்டோபோரின் (செல்கள் கருவுக்குள் நுழையும் வாய்) முதுகுப்புற உதடு தாவர முனைப் பக்கம் கரிய பிறைக்கோடாகத் தெரியும். பிளேடு அந்தப் பிறையின் நடுவில் இறங்க வேண்டும். அப்போதுதான் முதுகும் வயிறும் ஒரே பாதியில் கிடைக்கும். நிறமியில்லாத அல்பினோ கரு என்றால் அந்தக் கோட்டுக்கு நிறமிருக்காது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, பள்ளத்தின் நிழலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். வெட்டிய பாதிகளை மீண்டும் அரை மணி நேரம் மெம்ஃபாவில் போட்டு, பிறகு மெத்தனாலுக்கு மாற்றுங்கள். புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதி மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றால், முழுக்கருவுக்குக் கொடுக்கும் நேரத்தைப் பாதிகளுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், வெட்டு விளிம்பு உதிர்ந்தால் அதையும் விட்டுவிடலாம்.

மேலே படரும் ஊதா அநேகமாக கருவின் மேல்பாதியில் உள்ள பிளாஸ்டோசீல் குழியில் மாட்டிக்கொண்ட ஆன்டிபாடிதான். ஒப்பீட்டுக்காக, ஆர்என்ஏவோடு ஒட்டாத சென்ஸ் புரோப் போட்ட கருவிலும் அதே இடத்தில் வரும், விளிம்பு புகைபோல இருக்கும். உண்மையான சிக்னல் செல் செல்லாகப் பிரிந்து தெரியும். லெவாமிசோலைக் கூட்டிப் பயனில்லை. அது கருவின் சொந்த பாஸ்பேட்டேஸைத்தான் தடுக்கும், ஆன்டிபாடியோடு ஒட்டியிருக்கும், நிறம் தரும் கன்றுக்குடல் பாஸ்பேட்டேஸ் நொதியை ஒன்றும் செய்யாது. முழுக்கருவாகவே வேண்டுமென்றால், பதப்படுத்திய பின் மேலே உள்ள விலங்கு முனையில் நுண்ணூசியால் ஒரு துளை போடுங்கள், கழுவும் நீர் உள்ளே போய்வரட்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். 23 டிகிரியில் 10.5ஆம் கட்டம் வர ஏறக்குறைய 11 மணி நேரம், குளிர்ந்தால் வெகுவாகத் தாமதமாகும். கடிகாரத்தைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்துக் கட்டத்தை முடிவு செய்யுங்கள். பிராக்கியூரி இப்போது வளையமாக இருப்பது, 13ஆம் கட்டத்தில் நோட்டோகார்டிலும் (முதுகு நடுவில் ஓடும் தண்டு) பிளாஸ்டோபோரைச் சுற்றியும் ஒதுங்கிவிடும். இரண்டு கட்டக் கருக்கள் ஒரே குழாயில் கலந்தால் குழப்பம்தான். வெக்டி என்ற மரபணு இன்னும் மோசம்: முட்டையில் தாயின் ஆர்என்ஏவாகத் தாவர முனையில் இருப்பது, கேஸ்ட்ருலா (செல்கள் உள்ளே நகரும் கட்டம்) தொடங்கும்போது கருவின் சொந்த ஆர்என்ஏவாக விளிம்பு வளையத்தில் வருகிறது. முழுக்கரு பிசிஆரில், இரண்டுக்கும் பொதுவான பகுதியைப் பிடிக்கும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு துண்டு) என்றால், இரண்டும் ஒரே பட்டைதான். போதாக்குறைக்கு லீவிஸில் பெரும்பாலான மரபணுக்களுக்கு எல், எஸ் என்று இரண்டு பிரதிகள் உண்டு. நீண்ட புரோப் பெரும்பாலும் இரண்டையும் பிடிக்கும், உங்கள் பிரைமர் ஒன்றை மட்டும் பிடிக்கலாம். எதைப் பிடிக்கிறது என்று வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை பாதிகளில், முதுகுப்புற உதட்டில் வெளிப்படும் கார்டின் மரபணுவின் புரோபையும் ஒரு குழாயில் போடுங்கள். உதட்டுப் பக்கம் மட்டும் அடர்ந்த நிறம் வந்தால் வெட்டும் சரி, வினையும் சரி. அப்படியும் சாக்ஸ்17 வெறுமையாக இருந்தால் அப்போது புரோபைச் சந்தேகியுங்கள்: ஜெல்லில் ஓட்டி ஆர்என்ஏ சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்மிடை எந்த முனையில் வெட்டினீர்கள், ஆர்என்ஏவை எழுதிய நொதி டி7-ஆ எஸ்பி6-ஆ என்பதை வரைபடத்தோடு சரிபாருங்கள். ஒட்ட வேண்டிய ஆன்டிசென்ஸ் என்று எழுதிய குழாயில் சென்ஸ் இருப்பது ஆய்வகங்களில் அபூர்வம் அல்ல.