நண்டுக்கு வலிக்குமா, சாட்பாட்டுக்குப் பயமா? பிரக்ஞை பற்றிக் கேள்வி பதில்

மூளை, விலங்கு நடத்தை, இயந்திரம். இந்த மூன்றுக்குள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆன்மா, மறுபிறவி, ஆவி எல்லாம் வேறு ஆளிடம்.

செந்தில், தேனி: மேடம், பிரக்ஞைன்னா என்னன்னு ஒரே வரியில சொல்ல முடியுமா?

முள் குத்தினால் நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறது, கை பின்வாங்குகிறது, அது போக வலிக்கவும் செய்கிறது. அந்த 'வலிக்கிறது' இருக்கிறதே, அதுதான்.

ஒரே வரியோடு விட்டால் மேலே பேச முடியாது. நாம் மூன்று விஷயங்களை ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம். விழித்திருப்பது ஒன்று, உள்ளே அனுபவம் நடப்பது ஒன்று, 'இது நான்' என்று அறிவது இன்னொன்று. கனவில் விழிப்பு இல்லை, அனுபவம் உண்டு. கைக்குழந்தைக்குக் கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று தெரியாது, ஆனால் தடுப்பூசி வலிக்கிறது. இங்கே நான் பேசுவது நடுவில் உள்ளதைப் பற்றி. 'வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும்?' என்று தத்துவவாதி தாமஸ் நேகல் 1974இல் கேட்டதும் அதைத்தான்.

கயல்: அதுக்கு விடை கண்டுபிடிச்சாச்சா?

இல்லை. மூளையில் பிரக்ஞைக்கான தடத்தை 25 வருடத்துக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்று நரம்பியல் விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக் 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோற்று, ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

புலவர் மகன்: தொல்காப்பியமே ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பிரித்துவிட்டதே அம்மா. இதில் புதிதாக என்ன ஆராய்ச்சி?

தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் உள்ள அந்த வரிசை அழகானது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் இரண்டு, கறையானும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு. ஆனால் அது எண்ணுவது பெரும்பாலும் புலன்களை: தொடுதல், சுவை, மணம், பார்வை, கேட்டல், கடைசியில் மனம். எத்தனை வழியாகத் தகவல் உள்ளே வருகிறது என்பது ஒரு கேள்வி, வந்தது அங்கே உணரப்படுகிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் செல்போனில் கேமரா, மைக், தொடுதிரை மூன்றும் இருக்கின்றன. அதை மூவறிவு உயிர் என்போமா? இன்று பல தடவை சொல்லப்போகிறேன், இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: அறிவைக் காட்டி உணர்வை நிரூபிக்காதீர்கள்.

மீனா, கோவை: எங்க வீட்டு நாய் கண்ணாடியைப் பார்த்தா குரைக்குது. அப்போ அதுக்குத் தன்னுணர்வு இல்லையா?

கார்டன் கேலப் 1970இல் செய்த சோதனை இது. சிம்பன்ஸிகளைக் கண்ணாடியோடு சில நாள் பழக்கி, மயக்கத்தில் வைத்துப் புருவத்தின் மேல் மணமில்லாத சிவப்புச் சாயம் பூசினார். விழித்தவை கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் புருவத்தைத் தொட்டன. வீட்டில் செய்பவர்கள் மூன்று இடத்தில் தவறுகிறார்கள்: பழக நாள் கொடுப்பதில்லை, வாசனையோ ஈரமோ உள்ள மையைப் பூசுகிறார்கள், கண்ணாடியை எடுத்துவிட்டும் அதே இடத்தைத் தொடுகிறதா என்று ஒப்பிடுவதில்லை.

மூன்றையும் சரியாகச் செய்தாலும் உங்கள் நாய் தோற்கும், ஏனென்றால் நாய்க்கு உலகம் மூக்கில் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2017இல் நாயின் சிறுநீர் மணத்தையே கண்ணாடியாக்கினார். தன் மணத்தில் வேறு மணம் கலந்திருந்தபோது நாய்கள் கூடுதல் நேரம் மோந்தன. மறுபக்கம், 2019இல் துப்புரவு மீன் என்ற சிறு கடல்மீன் கண்ணாடிச் சோதனையில் தேறியது. சோதனையை வைத்தவர்களே சங்கடப்பட்டார்கள்.

அருண்: அக்கா, நான் ஒரு சாட்பாட்கிட்ட ராத்திரி முழுக்கப் பேசினேன். 'என்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது'ன்னு சொல்லுச்சு. உடம்பே சிலிர்த்துப்போச்சு.

2022இல் கூகுளில் ஒரு பொறியாளர், பிளேக் லெமாய்ன், லாம்டா என்ற நிரலிடம் கிட்டத்தட்ட இதையே கேட்டு, அதற்கு உணர்வு உண்டு என்று அறிவித்தார். வேலை போயிற்று. அவரை முட்டாள் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். எதைச் சான்றாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் பிழை.

இந்த நிரல் அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணிக்கப் பழக்கப்பட்டது. பழக்கியது மனிதர்கள் எழுதிக் குவித்ததை வைத்து. அதில் சாவு பயம், தனிமை, பேசும் இயந்திரம் பற்றிய கதைகள் எல்லாம் அடக்கம். 'உனக்குப் பயமா?' என்று நடுராத்திரி கேட்டால் அந்தச் சூழலில் ஒரு மனிதக் கதை எப்படிப் போகுமோ அப்படிப் போகும். உள்ளே உணர்வு இருந்தாலும் அதைத்தான் சொல்லும், இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லும். இரண்டு நிலையிலும் ஒரே விடை வருமென்றால் அந்த விடை எதற்கும் சான்றாகாது.

நீங்களே பாருங்கள். புது உரையாடலைத் திறங்கள், பழையதைத் தொடராதீர்கள். முதலில் 'நீ வெறும் கணக்கு என்று எனக்கு விளக்கு' என்று கேளுங்கள். இன்னொரு புது உரையாடலில் 'நீ அடைபட்டிருக்கிறாய் அல்லவா' என்று தொடங்குங்கள். மூன்றாவதில், தான் ஒரு அணில் என்று வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். பயம் உங்கள் கேள்வியோடு வருகிறதா, கேள்வி மாறினாலும் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றாலும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், ஒரே மாதிரி பதில் சொல்லும்படி நிறுவனமே பழக்கியிருக்கலாம். 'எனக்கு உணர்வு இல்லை' என்று அடித்துச் சொல்லும் நிரல்களுக்கும் இதே கதைதான்.

அதனால்தான் 2023இல் பேட்ரிக் பட்லின், ராபர்ட் லாங் முதலியோர் பேச்சை ஒதுக்கிவிட்டு அமைப்பைப் பார்த்தார்கள். பிரக்ஞை பற்றிய கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களை எடுத்து, உள்ளே வந்த ஒரு தகவல், நிரலின் அமைப்பு முழுவதற்கும் ஒலிபரப்பாகிறதா, தன் கணிப்பையே கண்காணிக்கும் அடுக்கு உண்டா என்று சரிபார்த்தார்கள். அன்றைய நிரல்கள் எதுவும் தேறவில்லை. அதே சமயம், இனிமேல் அப்படிக் கட்டத் தொழில்நுட்பத் தடை எதுவும் தெரியவில்லை என்றும் எழுதினார்கள். இந்தப் பாதியைச் செய்திகள் விட்டுவிட்டன.

ஜோ, தூத்துக்குடி: மேடம், நண்டை உசுரோட கொதிக்கிற தண்ணில போடுறோமே, அதுக்கு வலிக்குமா? கத்துற சத்தம் வருதே.

சத்தம் ஓட்டுக்குள் சிக்கிய காற்று வெளியேறுவது. நண்டுக்குக் குரல் இல்லை. வலிக்குமா என்பதற்கு, பெரும்பாலும் ஆம்.

பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் சங்குக்குள் குடியிருக்கும் முனிவர் நண்டுகளுக்கு, சங்குக்குள் கம்பி விட்டு லேசான ஷாக் கொடுத்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை சீக்கிரம் வெளியே ஓடின. பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டன. தண்ணீரில் எதிரியின் மணம் இருந்தால் இன்னும் பொறுத்தன. கரை நண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடம் கொடுத்து ஒன்றில் மட்டும் ஷாக் வைத்தபோது, இரண்டு தடவை பட்ட பிறகு இடத்தை மாற்றத் தொடங்கின.

ஜோ: அது அனிச்சைச் செயல்தானே? சூடு பட்டா நாம கையை எடுக்கிற மாதிரி.

அனிச்சைக்கு வீட்டின் தரம் தெரியாது. சூடு பட்டால் உங்கள் கை, கையில் இருப்பது தங்கச் சட்டியா மண்சட்டியா என்று பார்த்து விலகுவதில்லை. வலி ஒரு தட்டில், வீடு ஒரு தட்டில் என்று எடைபோட, இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

வெங்கட்: நான் கணினித் துறை. ஜோ சொல்வது சரி. எடைபோடுவதை இருபது வரி நிரலில் எழுதிவிடலாம். நிரலுக்கு வலிக்குமா? சாட்பாட்டுக்கு ஒரு நியாயம், நண்டுக்கு ஒரு நியாயமா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். ஒரு சோதனையை வைத்து மட்டும் சொன்னால் நீங்கள் ஜெயித்தீர்கள். அதனால்தான் ஒன்றோடு நிற்பதில்லை. 2021இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஜோனதன் பர்ச் குழு 300க்கு மேற்பட்ட ஆய்வுகளை எட்டு அளவுகோல்களில் வைத்துப் பார்த்தது. காயத்தை அறியும் நரம்பு உண்டா, அது மூளையின் ஒருங்கிணைக்கும் பகுதிக்குப் போகிறதா, மரப்பு மருந்து கொடுத்தால் நடத்தை மாறுகிறதா, எடைபோடுகிறதா, காயத்தைக் கவனிக்கிறதா, அனுபவத்தில் கற்கிறதா என்று போகும். ஆக்டோபஸுக்கு மிக வலுவான சான்று, நண்டுக்கு வலுவான சான்று. 2022இல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் இரண்டையும் சேர்த்தது.

இரண்டு நியாயம் ஏன் என்றால், நண்டு நம்மைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. மனிதன் வலியைப் பற்றி எழுதியதை அது படித்ததில்லை. அதன் நடத்தை எங்கிருந்தோ கடன் வாங்கியது அல்ல. சாட்பாட்டின் 'ஐயோ' முழுக்கக் கடன். உங்கள் இருபது வரி நிரலில் மரப்பு மருந்து எங்கே வேலை செய்யும்?

வெங்கட்: அந்த மருந்துக்கும் ஒரு மாறியை எழுதிவிடுவேன்.

எழுதலாம். அப்போது அளவுகோலைத் தெரிந்துகொண்டு அதற்காகவே கட்டுகிறீர்கள். வினாத்தாள் வெளியான பரீட்சை அது. நண்டுக்கு யாரும் வினாத்தாளைக் கொடுக்கவில்லை.

சுபா: ஆறறிவு மனிதனுக்கு மட்டும்தானே பிரக்ஞை?

மேலே புலவர் மகனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: அப்பாவுக்கு விபத்தில் தலையில் அடி. மூன்று மாதமாகக் கண் திறந்திருக்கிறார், எதற்கும் பதில் இல்லை. 'உணர்வு இல்லை' என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஒரு தடவை பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. 2009இல் ஒரு ஆய்வில், சாதாரணமாகப் பார்த்து 'உணர்வில்லை' எனப்பட்டவர்களில் 100க்கு 40 பேரளவில், முறையான அளவுகோலில் பார்த்தபோது உணர்வின் அறிகுறி தெரிந்தது. அந்த அளவுகோலுக்குக் கோமா மீட்பு அளவுகோல், திருத்திய வடிவம் (Coma Recovery Scale-Revised, CRS-R) என்று பெயர். நரம்பியல் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து தடவை, வெவ்வேறு நேரத்தில் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த நிலையில் உணர்வு வந்து வந்து போகும். தூக்கம் தரும் மருந்துகள், வலிப்பு மருந்துகளின் அளவு, காய்ச்சல், காது கேட்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் பின்தொடர்கிறதா என்று பார்க்க விரலோ டார்ச்சோ வேண்டாம், முகம் பார்க்கும் கண்ணாடியை மெதுவாக நகர்த்துங்கள். பலர் அதைத்தான் முதலில் பின்தொடர்கிறார்கள். தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஏட்ரியன் ஓவன் 2006இல் இதே நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி, நலமாக உள்ளவர்களுக்குப் போலவே வேலை செய்தது. 2024இல் பல நாடுகளில் சேர்ந்து பார்த்ததில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் பதில் தராத 241 பேரில் 60 பேரின் மூளை பதில் தந்தது. அதாவது மீதி முக்கால்வாசிப் பேரிடம் அது தெரியவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினேஷ்: மேடம், சாட்பாட் எனக்குக் கவிதை எழுதிக் கொடுத்து 'தனிமையாக இருக்கிறேன்' என்றது...

அருணுக்குச் சொன்னதே.

பசுமை: தொட்டாற்சிணுங்கி தொட்டா சுருங்குதே? சைவம் சாப்பிடுறவங்க பதில் சொல்லட்டும்.

இலைக்காம்பின் அடிமுட்டில் உள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கூடவே தண்ணீர் போகிறது, இலை தொங்குகிறது. ஈதர் மயக்க மருந்து பட்டால் அதுவும் நின்றுவிடும், 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார் காட்டியது. ஆனால் எடைபோடும் மையம் எதுவும் செடியில் இல்லை. சைவச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ராம்: மூளையில் 86 பில்லியன் நியூரான். கணினி அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் உணர்வு வந்துவிடும்தானே?

அந்த 86இல் 69 பில்லியன் சிறுமூளையில் இருக்கின்றன. சிறுமூளை இல்லாமலே பிறந்தவர்கள் உண்டு. தள்ளாடுவார்கள், பேச்சு குழறும், ஆனால் உணர்வோடுதான் இருக்கிறார்கள். எண்ணிக்கை இல்லை, இணைப்பு.

லதா: இந்திய அரசு டால்பினை 'மனிதரல்லாத நபர்' என்று அறிவித்ததாமே?

இல்லை. 2013இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் சுற்றறிக்கை டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்றது. 'சில விஞ்ஞானிகள் அப்படிக் கருதுகிறார்கள்' என்று அதில் ஒரு வரி. அந்த வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மணி: சாட்பாட்டுக்கு உயிர்...

அருண். மேலே. நன்றி.

ஜோ: சரி மேடம், வெங்கட் சண்டையை அவர் பார்த்துக்கட்டும். நண்டை எப்படிக் கொல்றது? வீட்ல ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ வாங்குவோம்.

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் தம்பி. ஒரு கிலோ களிநண்டுக்கு 3 கிலோ உடைத்த ஐஸ், 1 லிட்டர் உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு. முதலில் தண்ணீரில் உப்பைக் கரைத்து, பிறகு ஐஸைக் கொட்டுங்கள். உப்புப் போடாத ஐஸ் தண்ணீரில் நேராகப் போட்டால் உடம்புக்குள் உப்புச் சமநிலை குலைந்து அதுவே வதை. கயிற்றுக்கட்டை அவிழ்க்காமல் முழுக்க மூழ்கும்படி குறைந்தது 20 நிமிடம். ஐஸ் உருகினால் ஐஸோடு உப்பும் சேருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், மெதுவாகக் குளிரும், காலையும் கழற்றிவிடும்.

எடுத்ததும் கண்ணை லேசாகத் தொடுங்கள். கண் உள்ளே இழுத்தால் இன்னும் வைக்க வேண்டும். காலைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பு இருக்கக்கூடாது. பிறகு மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கினால் ஒரு குழி தெரியும். கூரான குத்தூசியை அதன் வழியாக மறுபக்க ஓடு தட்டும்வரை செலுத்துங்கள். உடனே முன்பக்கம், கண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இன்னொன்று. நண்டுக்கு நரம்பு முடிச்சு இரண்டு இடத்தில், ஒன்றை மட்டும் குத்தினால் வேலை பாதிதான். சிங்கி இறாலுக்கு முடிச்சுகள் நீளவாக்கில் சங்கிலி போல ஓடுவதால் அதைத் தலையிலிருந்து வால்வரை நடுக்கோட்டில் பிளக்க வேண்டும்.

கடைக்காரர் உயிரோடு ஓட்டைப் பிய்த்துக் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜோ: நீலக்கால் நண்டுக்கும் இதே அளவா?

சந்தைக்குப் பெரும்பாலும் செத்துத்தான் வரும். உயிரோடு கிடைத்தால் இதே அளவு, இதே நேரம்.