பதில்: 0.6 ஓம் பல்பில் 20 ஆம்பியர் ஏன் ஓடவில்லை?

12 வோல்ட் பல்பு ஒன்றின் மின்தடையை அளந்தபோது 0.6 ஓம் வந்தது, அப்படியானால் அதில் 20 ஆம்பியர் ஓட வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. 12 வோல்ட்டை 0.6 ஓமால் வகுத்தால் 20 ஆம்பியர்தான். திறன் 240 வாட். ஆனால் பல்பின் மேல் 21 வாட் என்று போட்டிருக்கிறது, எரியும்போது மீட்டரும் 1.75 ஆம்பியர்தான் காட்டுகிறது என்கிறீர்கள். மீட்டரை நம்புங்கள்.

நீங்கள் மின்தடையை அளந்தது பல்பு அணைந்திருந்தபோது. டங்ஸ்டன் இழை வெண்சூட்டில் ஒளிரும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். எனவே எரிகிற நிலையில் அளந்த இரண்டு எண்களை மட்டும் எடுங்கள்: 12 ÷ 1.75, ஏறக்குறைய 6.9 ஓம். திறன் 12 × 1.75, அதாவது 21 வாட். பல்பில் அச்சிட்டதும் அதுவே.

அந்த 20 ஆம்பியரும் வெறும் கற்பனை அல்ல. சுவிட்சைப் போட்ட கணத்தில் அதை நெருங்கிய மின்னோட்டம் பாய்ந்து, இழை சூடேறியதும் சட்டென்று இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 ஓம் காட்டினால் அது கம்பிகளின் மின்தடை, கழித்துவிடுங்கள். ஓம் அளவையில் வைத்துக்கொண்டு மின்சாரம் பாயும் சுற்றைத் தொடவே தொடாதீர்கள், மீட்டர் பழுதாகிவிடலாம்.