நல்லா வேணும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வட்டிக்குக் காசு கொடுத்துப் பலரை அழ வைத்தார். என் அக்காவின் காப்பு இரண்டும் அவரிடம்தான் அடகில் மூழ்கின. இப்போது பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். 'நல்லா வேணும், கர்த்தர் நீதி செய்துவிட்டார்' என்கிறார்கள் எங்கள் சபையில். பழைய ஏற்பாட்டுக் கடவுள் தண்டிப்பவர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் மன்னிப்பவர் என்றும் சொல்கிறார்களே, எதை நம்புவது?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதல் அந்த 'நல்லா வேணும்' என்னை விடமாட்டேன் என்கிறது. எங்கள் பேச்சுத் தமிழில் இதைவிடச் சின்னத் தீர்ப்பு கிடையாது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, இரண்டே சொல்லில் வழக்கு முடிந்துவிடும், சொன்னவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். நானும் சின்ன வயதில் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றால் பூந்தோட்டம் என்று நினைக்கவேண்டாம், கொழும்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு குழாய். விடிய நாலரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். முதல்நாள் இரவே வாளியை வரிசையில் வைத்து இடம் பிடிப்பார்கள், வாளி இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். ஒரு மாமி மட்டும் நாலு வாளியும் ஒரு பித்தளைக் குடமும் வைப்பார். யாராவது நகர்த்தினால் அன்றைக்குத் தோட்டம் முழுவதும் அவருடைய குரல்தான். ஒருநாள் அதே குழாயடியில் பாசி வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. தோட்டமே ஒரு வாயாகச் சொன்னது, நல்லா வேணும் என்று. அடுத்தநாள் விடிய அவருடைய கணவர் வாளிகளோடு வந்தார். அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து தண்ணீர் பிடித்ததே இல்லைப்போலிருக்கிறது. ஒவ்வொரு வாளியும் நிரம்பி வழிந்து ஓட, குடத்தைக் கவிழ்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, அதைத் தூக்கத் தெரியாமல் பாதியை எங்கள் காலிலேயே ஊற்றி, கடைசி வாளியை அவர் எடுத்தபோது ஏழு மணியாகிவிட்டது. குழாய் நின்றது. பின்னால் நின்ற பதினாலு வீட்டுக்கும் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் என் அம்மம்மா அந்த மனுஷனின் கையிலிருந்து வாளியை வாங்கித் தானே பிடித்துக் கொடுத்தார், அப்புறம் மற்றப் பெண்களும் முறை வைத்துக் கொடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் மாமி திருந்தினாரா என்றால், இல்லை, திரும்பவும் நாலு வாளியும் குடமும்தான். அதற்காக அம்மம்மா ஒருநாளும் வருத்தப்பட்டதை நான் காணவில்லை.

வேதத்தில் இந்த 'நல்லா வேணும்' பற்றியே ஒரு முழுப் புத்தகம் உண்டு. பழைய ஏற்பாட்டிலேயே மிகச் சிறியது, 21 வசனம்தான், ஒபதியா. எருசலேம் விழுந்தபோது யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வழி வந்த ஏதோம் நாடு எட்ட நின்று பார்த்து மகிழ்ந்தது, தப்பி ஓடியவர்களைச் சந்தியில் நின்று மறித்தது. எருசலேமின் நாடான யூதா குற்றவாளிதான், அதை மற்றத் தீர்க்கதரிசிகள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த வேடிக்கை பார்த்தல் கடவுளுக்குப் பொறுக்கவில்லை. நீதிமொழிகள் 24இல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது: உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே, கர்த்தர் அதைப் பார்த்து, அவன்மேல் வைத்த கோபத்தை எடுத்துவிடுவார் என்று. உங்கள் சபையார் இதை ஒருமுறை வாசிக்கட்டும். அவர்கள் நினைப்பதுபோல அந்தப் பாரிசவாதம் தண்டனையாகவே இருந்தாலும், அவர்கள் கைதட்டிய நிமிடத்திலேயே கடவுள் அந்தப் பக்கம் போய் நின்றிருப்பார்.

சரி, அவர் குற்றவாளி. நீங்கள் எழுதியிருப்பதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவருக்குக் கை கால் விழுந்ததால் உங்கள் அக்காவின் காப்பு திரும்பி வந்ததா? ஒரு காப்பாவது? வரவில்லை என்றால் கர்த்தர் நீதி செய்துவிட்டார் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நீதி இன்னும் தொடங்கவே இல்லை.

யாத்திராகமம் 22ஐ எடுங்கள். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்கினால் என் கோபம் மூளும், உங்கள் மனைவிகள் விதவைகளாவார்கள் என்று மிகக் கடுமையாகச் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனமே ஏழையிடம் வட்டி வாங்காதே என்பது. அதற்கும் அடுத்தது, ஒருவனுடைய வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுதுபடுமுன் திருப்பிக் கொடு, அவனுக்குப் போர்த்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான், அவன் எதைப் போர்த்திப் படுப்பான், அவன் என்னிடம் முறையிட்டால் நான் கேட்பேன், 'நான் இரக்கமுள்ளவராயிருக்கிறேன்.' சுடுகிற கோபமும் இரக்கமும் நாலைந்து வசனத்துக்குள் ஒன்றாக இருக்கின்றன, இரண்டும் அதே ஏழையின் அதே ஒரு போர்வைக்காக. இதை எந்தக் கத்தியால் வெட்டி, ஒரு துண்டைப் பழைய கடவுளுக்கும் மற்றத் துண்டைப் புதிய கடவுளுக்கும் கொடுப்பது? இப்படி வெட்டிப் பார்த்த மார்சியனை ரோமாபுரிச் சபை கி.பி. 144இலேயே வெளியே அனுப்பிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தவக்காலத்திலும் அவர் யாராவது ஒரு பிரசங்கியாரின் வாயில் திரும்பி வந்துவிடுகிறார். புதிய ஏற்பாட்டில் தண்டனை இல்லை என்பவர்கள் காசு விஷயத்தில் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா, சப்பீராளையும் தன் வாசலில் கிடந்த லாசருவைக் கண்டுகொள்ளாத ஐசுவரியவானையும் எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய பகை ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாளான போயாவும்கூட. அன்று கடல் எடுத்துக்கொண்டுபோன சனம் இந்தத் தீவில் மட்டும் 30,000க்கு மேல். கோவிலுக்குப் போனவர்கள், விகாரைக்குப் போனவர்கள், பாயில் படுத்திருந்த குழந்தைகள். அடுத்த கிழமையே என் மேசைக்கு ஒரு கட்டுரை வந்தது, எட்டுப் பக்கம், அழகான கையெழுத்து. எந்தெந்தப் பாவத்துக்காக எந்தெந்தக் கரை அடிபட்டது என்று ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள். நான் இரண்டு பக்கத்துக்குமேல் வாசிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். எழுதியவர் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும், இன்றைக்கு வந்தாலும் அதைப் போடமாட்டேன்.

போடாததற்குக் காரணம் லூக்கா 13இல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த எல்லாரையும்விட அவர்கள் பாவிகளா என்று இயேசு தாமே கேட்டு, தாமே 'அல்ல' என்கிறார். இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கோபுரம்தான். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலகாரத் தட்டு இன்னும் மேசையில் இருந்த வீடுகள். அந்த மலையில் இருந்தது யாருடைய குப்பை? கொழும்பின் குப்பை, நானும் நீங்களும் காலையில் வாசலில் வைத்த பை. அந்தச் சனம் வருடக்கணக்காகத் தெருவில் இறங்கிக் குப்பை கொட்டாதீர்கள் என்று கத்தியது. அங்கே செத்தவர்களின் பாவத்தைத் தேடிப் போகிறவன் தன் வீட்டு வாசலை முதலில் பார்க்கட்டும். இயேசுவும் அந்த 'அல்ல' என்பதற்குப் பிறகு கேட்டவர்களைப் பார்த்துத்தான், நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார்.

தண்டனை என்றதும் எங்கள் சனத்துக்கு மதுரை எரிந்ததும் ஞாபகம் வரும். இந்தத் தீவில் தமிழர் கண்ணகி என்றும் சிங்களவர் பத்தினி என்றும் கும்பிடுகிற அந்தப் பெண் நியாயம் கேட்டுத்தான் அரண்மனைக்குப் போனாள். ஆனால் நெருப்பை ஏவுகிறபோதும் ஒரு பட்டியல் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் போ. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து நிற்கிற அந்த நேரத்தில் மாட்டையும் பிள்ளையையும் நினைத்த மனசு அது. வேதத்தில் வரும் யோனா தீர்க்கதரிசிக்கு அது வரவில்லை. நினிவே அழியும் என்று சொல்லிவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு குடிசை போட்டு, நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடியும் கிடைத்து, நல்லா வேணும் என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். நகரம் திருந்திவிட்டது, நெருப்பு வரவில்லை, அவருக்குச் சாகிற அளவு கோபம். செடியைப் பூச்சி அரித்ததற்கும் கோபம். ஒரு செடிக்காக நீ பரிதபிக்கிறாய், வலதுகை எது இடதுகை எது என்று தெரியாத 1,20,000 பேரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனா என்று கடவுள் கேட்கிறார். மதுரையிலே பசு, நினிவேயிலே மிருகஜீவன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இரக்கம் என்றால் வழக்கை வாபஸ் வாங்குவது என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள், அதையும் நான் ஏற்கமாட்டேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களில் பிள்ளைகளைப் புதைத்த குடும்பங்கள் பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை. ஆனால் முன்கூட்டியே தகவல் வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பதை நிறுத்தவும் இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது அந்தக் கேள்வி ஓயாததால்தான். லூக்கா 18இல் அநீதியான நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டுகிற விதவையும் எனக்கு நியாயம் செய்யும் என்றுதான் கேட்கிறாள், அவனை அழித்துவிடும் என்று அவள் கேட்கவில்லை.

இனி உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவும் சனத்தை உரிந்தவன்தான். இயேசு அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், சுற்றி நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று அவனே எழுந்து நின்று சொன்னான். யாருக்கும் கை கால் விழாமலே அந்த ஊரில் காசு திரும்பியது. உங்கள் மனுஷருக்குப் பேச்சு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், சபையிலிருந்து இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, உங்கள் அக்காவும் சம்மதித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், படுக்கையில் கிடப்பவருக்கு இறங்கக்கூடியதாகக் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். முதல்நாள் சும்மா பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அடகுக் கணக்கு எழுதிய கொப்பி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.