ஒற்றை அறைப் பள்ளி அருங்காட்சியகத்தில் ஜியோகேச்சிங் செய்வது என்றால் என்ன?

ஜியோகேச்சிங் என்பது ஜிபிஎஸ் உதவியோடு ஆடும் தேடல் விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். கண்ணாமூச்சி மாதிரிதான், ஒளிந்திருப்பது ஆள் இல்லை, டப்பா. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்ததை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. ஓரிரு நாளில் ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பா ஒளித்துவைக்கப்பட்டது.

சரி, பழைய பள்ளிக்கூடம் எதற்கு? ஒரே அறை, ஒரே ஆசிரியர், எட்டு வகுப்புப் பிள்ளைகள் என்று அமெரிக்கக் கிராமங்களில் ஒரு காலத்தில் படித்தார்கள். நெப்ராஸ்காவின் ஃப்ரீமன் பள்ளி 1872-இல் கட்டப்பட்டு 1967 வரை நடந்தது. இப்படிப்பட்ட கட்டடங்கள் பல, ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே நிற்பவை; வழிப்போக்கர் கண்ணில் படாது. அருங்காட்சியகமாகிவிட்ட அப்படியொரு பள்ளியின் அருகே டப்பாவை ஒளித்துவைத்தால், தேடி வருபவர் அப்புறம் உள்ளே போய் அந்தப் பெஞ்சுகளையும் கரும்பலகையையும் பார்ப்பார். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

புதையல் வேட்டை என்றதும் மண்ணைத் தோண்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தோண்டவே தேவையில்லை, இடத்துக்காரரின் அனுமதியோடு தரைக்கு மேலே மறைத்துவைப்பதுதான் வழக்கம்.