கடைசிப் பொத்தான்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். விசேஷ வீடுகளுக்குப் போனால், "உன்னால் தாங்க முடியும் என்றுதான் கடவுள் உனக்கு இவனைக் கொடுத்திருக்கிறார்" என்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஆனால் இவன் பிறந்த பிறகு நான் மாறியிருப்பதும் உண்மை. இவனை வளர்ப்பதில் ஓர் அர்த்தம் இருப்பதாக நம்பலாமா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் எரிச்சல் நியாயமானதே. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக அமைவதால் இந்நிலை ஏற்படுகிறது என்று 1959ஆம் ஆண்டிலேயே பாரிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். தாயின் தாங்கும் சக்தியை அளந்து பார்த்து யாரும் குழந்தையை அனுப்புவதில்லை. உங்களைப் பக்குவப்படுத்தவே அவன் வந்தான் என்று சொல்வதில் எனக்குள்ள இன்னொரு மறுப்பு, அது அவனை உங்கள் கதையில் ஒரு துணைப்பாத்திரமாக்கிவிடுகிறது என்பது.

என் மகளுக்கும் இதே நிலைதான்; இப்போது வயது இருபத்தாறு. தசைகள் தளர்வாகவும் விரல்கள் குட்டையாகவும் இருப்பதால் சட்டைப் பொத்தான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. எல்லாப் பொத்தான்களையும் நீங்கள் மாட்டுங்கள், கடைசிப் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவளிடம் விடுங்கள் என்று, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். கேட்பதற்கு எளிது, பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினம். பல நாள் நானே மாட்டிவிட்டேன். அவளுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு என் அவசரத்துக்குத்தான் உதவிக்கொண்டிருந்தேன் என்பது புரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பிறகு கால் மணி நேரம் முன்னதாக எழுந்தோம், அவ்வளவுதான். என்னிடம் ஏதாவது வளர்ந்தது என்றால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் வளர்ந்தது. அவள் அதற்காகப் பிறக்கவில்லை. ஆகவே நீங்கள் மாறியிருப்பது ஏமாற்று அல்ல, உங்கள் உழைப்பு. அதே சமயம், சோர்ந்து படுத்துவிடும் நாளிலும் அர்த்தம் தேடியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகிக்கிறேன். "எனக்குப் பிறகு யார்?" என்ற பயத்தைத்தான் பல பெற்றோர் அர்த்தம் பற்றிய கேள்வியாகக் கேட்கிறோம். அதற்கு விண்ணப்பப் படிவம் இருக்கிறது: அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட நிலைகள் உள்ளவர்களுக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் மூலம் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். இதற்குப் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உறவினர்களுக்கு நீங்கள் தத்துவம் விளக்க வேண்டாம். அடுத்த விசேஷத்தில் அவன் தலைக்கு மேலாக உங்களிடம் பேசுபவரிடம், "அவனிடமே கேளுங்கள், பதில் வரச் சற்று நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, நீங்களும் அந்தப் பதிலுக்காகக் காத்திருங்கள்.